புண்ணியக் கணக்கும் சம்பளக் கணக்கும்

தோட்டத்துக் கிராணி ஒருவன் தன் வாழ்நாளில் எழுதும் எழுத்திற் பெரும்பகுதி பிறர் பெயரும் பிறர் கூலியுமேயாகும். நாமும் அவ்வாறு எழுதிப் பிழைப்பவரே. பதினைந்து ஆண்டுகளாக ஜோகூர் மாநிலத்துத் தோட்டமொன்றில் செக்ரோல் எழுதி வருகிறோம். யார் எத்தனை நாள் பெரட்டுக்கு வந்தார், எத்தனை கிலோ பால் கொணர்ந்தார், எத்தனை குலை வெட்டினார், எத்தனை மூட்டை உதிரிப்பழம் பொறுக்கினார் என்பனவற்றையெல்லாம் கூட்டிப் பெருக்கி, மாத முடிவில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு தொகையை இடுவது நம் தொழில். தொகை சரியாயிருந்தால் நம்மை எவரும் நினைப்பதில்லை. ஒரு வெள்ளி குறைந்தாலோ உடனே சன்னலண்டை வந்து நிற்பர். ஆயினும் 42 மாதங்கள் தொடர்ந்து குறைவாகவே பெற்றும், ஒரு நாளேனும் சன்னலண்டை வந்து கேளாத ஒருவர் இருந்தார். அக்குறைவை எழுதியது நமது கை. அவரைப் பற்றியும், அவர் செய்த தொழிலைப் போன்ற தொழில்களுக்கு நம் சமூகம் இடும் விலையைப் பற்றியும் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவர் நம் தோட்டத்து ஆயா. ஆயாக்கொட்டகை என்பது இன்றைய பட்டணத்துப் பிள்ளைகளுக்கு விளங்காத சொல்லாகிவிட்டது; ஆதலின் அதனைச் சிறிது விளக்குவது நலம். பால்வெட்டுக்குப் போகும் பெண்கள் விடியுமுன் பெரட்டுக்களத்தில் நிற்கவேண்டும். கைக்குழந்தையைக் காட்டுக்குத் தூக்கிச் செல்ல இயலாது. ஆகவே லயத்தின் கோடியில் ஒரு கொட்டகை. அதன் உத்தரத்திலிருந்து வரிசையாகச் சேலைத் தூளிகள் தொங்கும். காலை 5 மணிக்கு, இருளில், நெற்றி விளக்கும் வெட்டுக்கத்தியுமாகத் தாய்மார் வருவர். உறங்கும் பிள்ளையையும் பால்புட்டியையும் இரண்டு மாற்றுத் துணியையும் ஆயாவின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நடப்பர்; பார்த்தால் பிள்ளை அழும். மரம் வெட்டி, பாலெடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு அவர்கள் மீண்டு வரப் பகல் 1 மணியாகும். அதுவரை பாலூட்டுவதும், குளிப்பாட்டுவதும், மலம் கழுவுவதும், காய்ச்சல் கண்டால் டிரஸரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவதும், தவழும் பிள்ளை வடிகாலில் விழாமற் காப்பதும் அந்த ஒரே அம்மையாரின் வேலை.

நம் அன்னையாரும் பால்வெட்டுத் தொழிலாளியே. நாமும் அக்கொட்டகைத் தூளியொன்றில் வளர்ந்தவரே. நாம் முதன்முதல் எழுந்து நடந்தது ஆயாவின் முன்னிலையில் என்று அன்னையார் சொல்வதுண்டு. சொல்லும்போது அவர் குரலில் நன்றியும் இருக்கும், சிறிது பொறாமையும் இருக்கும்.

ஏழாம் வயதில் சிங்கப்பூரிலிருந்த தாய்மாமன் நம்மைத் தம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். அங்கே ஆங்கிலப் பள்ளியிற் படிப்பு. கணிதம், விஞ்ஞானம், பொருளாதாரம் யாவும் ஆங்கிலத்தில். தமிழ் ஒரு பாடமாக மட்டும். 2010ஆம் ஆண்டில் தந்தையார் காலமாகவே, படிப்பை அவ்வளவோடு நிறுத்தித் தோட்டத்துக்குத் திரும்பினோம். ஆங்கிலம் அறிந்த பையன் என்பதற்காக ஆபீசில் இளங்கிராணி வேலை கிடைத்தது. முதற் சம்பள நாளன்று ஆயா சன்னலண்டை வந்து, “கும்பிடுறேன் ஐயா” என்றார். நம்மைக் குளிப்பாட்டிய கைகள் நம்மை நோக்கிக் குவிந்தன. “ஆயாம்மா, நான் உங்கள் கொட்டகைப் பிள்ளையல்லவா?” என்றோம். அவர் சிரித்து, “உள்ளே உட்கார்ந்தா ஐயாதானே, தம்பி” என்றார். அன்று அதை வேடிக்கைப் பேச்சாகவே கொண்டோம்.

இனி விஷயத்துக்கு வருவோம். மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது 2013ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள். தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. மணிக்கணக்கில் வேலை செய்வோருக்கு மணிக்கு 4 வெள்ளி 33 காசு. நம் தோட்டத்தில் பால் வெட்டுவோருக்குப் பால் கூடினால் கூலி கூடும். ரப்பர் விலை ஏறினால் அதற்கும் ஒரு படி உண்டு. ஆயாவுக்கு இரண்டுமில்லை. பிள்ளைகளை நிறுத்து எழுத ஸ்டோரில் தராசு கிடையாது. அவர் பெற்று வந்தது மிகக் குறைந்த நாட்கூலி. ஆகவே சட்டம் வருகிறதென்று கேட்டபோது, ஆயாவுக்கு நல்ல காலம் பிறந்ததென்று மகிழ்ந்தோம்.

அம்மகிழ்ச்சி ஒரு வாரமே நின்றது. சின்னத் துரை, அவரும் நம்மவரே, ஆயாவின் பெயரை மணிக்கணக்குப் பட்டியலில் எழுதச் சொன்னார். எத்தனை மணி என்று கேட்டோம். ஆறு என்றார். “5 முதல் 1 வரை எட்டு மணியல்லவா?” என்றோம். “முதல் இரண்டு மணி நேரம் பிள்ளைகள் தூங்குகின்றன. தூங்குவதைப் பார்ப்பதற்கும் கூலியா?” என்றார். ஆபீசிலிருந்தவர்கள் சிரித்தனர். நாமும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே 6 என்று எழுதினோம்.

கணக்கு இதுதான். நாளைக்கு 6 மணி, மணிக்கு 4 வெள்ளி 33 காசு, மாதம் 26 நாள் என்று கொண்டால் 675 வெள்ளி 48 காசு. இதை 900இலிருந்து கழித்தால் மீதி 224 வெள்ளி 52 காசு. உறங்கும் பதினான்கு பிள்ளைகளுக்கு இருளில் விழித்திருந்து காவல் செய்ததற்குரிய அக்கூலியை, ஆயா மாதந்தோறும் தோட்டத்துக்கே தானமாக விட்டுவந்தார். தானம் என்பதும் தவறான சொல். தானம் செய்பவருக்குத் தாம் கொடுப்பது இன்னதென்று தெரியும்.

ஆயாவுக்கோ முன்பு பெற்றதைவிடச் சிறிது கூடுதலாகவே வந்தது. ஆகவே அவர் மகிழ்ந்தார். “உங்கள் கணக்கு இனி மணிக்கணக்கு, ஆயாம்மா” என்று மட்டும் சொன்னோம். எட்டு ஆறான கதையைச் சொல்லவில்லை. “இருக்கட்டும் தம்பி. பிள்ளைங்களைப் பார்க்கிறதுக்குக் கூலி பேசலாமா? புண்ணியமாச்சே” என்றார். அச்சொல்லைக் கேட்டதும் நம் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. அவர் வாயாலேயே நமக்கு ரசீது கிடைத்துவிட்டதென்று எண்ணினோம்.

மறுவருடம் ஒரு நாள் ஆயா காய்ச்சலாய்ப் படுத்துவிட்டார். அன்று பெரட்டில் பதினொரு பெண்கள் வரவில்லை. மண்டோர் லயத்துக்கு ஆளனுப்பினார். “பிள்ளையை எங்கே விடுவது?” என்ற ஒரே மறுமொழி பதினொரு வீடுகளிலிருந்தும் வந்தது. பதினொரு வெட்டுப் பகுதிகள் அன்று வெட்டாமற் கிடந்தன. எத்தனை கிலோ பால் நஷ்டம், அதன் விலை எவ்வளவு என்று கணக்கெடுக்கும்படி துரை உத்தரவிட்டார். நாம்தான் எடுத்தோம். ஆயாவின் இரண்டு மாதச் சம்பளத்தைவிட அந்த ஒருநாள் நஷ்டம் அதிகமாயிருந்தது. அக்கணக்கைத் துரையின் மேசையில் வைத்தோம். ஆயாவின் வேலை ஒவ்வொரு பால் வாளியிலும் கலந்திருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. ஆயினும் அதன் பயனாக விளைந்தது யாதெனில், “ஆயா இனிமேல் லீவு எடுப்பதானால் முதல்நாளே சொல்லவேண்டும்” என்ற ஓர் உத்தரவே.

ஒரு தொழில் நின்றுபோனால் ஊரே நின்றுபோகும். ஆயினும் அத்தொழிலைச் செய்வோருக்குக் கூலி அற்பம். இஃது ஏன் என்ற வினா அன்று முதல் நம்மை விட்டபாடில்லை.

பள்ளியில் நாம் படித்த பொருளாதாரத்தில் இதற்கு ஒரு விடை உண்டு. ஸ்காத்லாந்து தேசத்து அறிஞர் ஆடம் ஸ்மித் 1776ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பெருநூலில் நீரையும் வைரத்தையும் ஒப்பிட்டார். நீரின்றி உயிரில்லை, ஆனால் அதைக் கொடுத்து எதையும் வாங்க முடிவதில்லை. வைரத்தால் ஆகும் பயன் சொற்பம். அதன் விலையோ பெரிது. ஒரு பொருளின் விலை அதன் பயனைப் பொறுத்ததன்று, அதன் அருமையைப் பொறுத்தது என்று பின்வந்தோர் விளக்கினர். குழந்தை வளர்க்கத் தெரிந்த பெண்கள் ஏராளம். ஆகவே ஆயாவின் கூலி குறைவு என்று இதைக்கொண்டு சமாதானம் சொல்லலாம். நாமும் சில காலம் அதையே சொல்லிக்கொண்டோம். ஆனால் அந்த நோயுற்ற நாளில் ஆயாவின் இடத்தில் நிற்க ஒரு பெண்ணும் கிடைக்கவில்லையே! பதினான்கு பிள்ளைகளை ஒருத்தியாய்ப் பார்க்க வல்லவர் ஏராளம் என்பது ஆபீஸ் நாற்காலியிலிருந்து பார்ப்போருக்குத் தோன்றும் தோற்றமேயன்றி உண்மையன்று. மலேசியாவில் 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டத்தின்கீழுள்ள விதிகள், ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒருவரும், ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள ஐந்து குழந்தைகளுக்கு ஒருவரும் இருக்கவேண்டும் என்கின்றன. அவ்வளவுபடி பார்த்தால் நம் ஆயா மூவர் வேலையை ஒருவராய்ச் செய்து, முக்கால் ஆளின் கூலி பெற்றார்.

இரண்டாவது விடை இதைவிட ஆழமானது. வில்லியம் பௌமோல், வில்லியம் போவன் என்னும் அமெரிக்கப் பொருளறிஞர் இருவர் 1966ஆம் ஆண்டில் நாடகம், சங்கீதம் முதலிய கலைகளின் வரவு செலவை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினர். ஆலைத் தொழிலில் இயந்திரம் மாறமாற ஒரு மணி நேரத்தில் ஆகும் வேலை பெருகிக்கொண்டே போகிறது. ஆனால் நால்வர் கூடி வாசிக்கவேண்டிய இசையை இன்றும் நால்வரே, அதே நேரம் எடுத்துக்கொண்டே வாசித்தாகவேண்டும் என்பது அவர்கள் கண்ட உண்மை. நம் தோட்டத்துக்கும் இது பொருந்தும். 1925ஆம் ஆண்டில் மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தோன்றிய பிறகு நல்ல ஒட்டு மரங்கள் வந்தன; ஒரு மரத்தின் பால் பன்மடங்காயிற்று. ஆனால் பிள்ளைக்கு ஒட்டுமுறை கிடையாது. ஒரு குழந்தைக்குச் சோறூட்ட நம் பாட்டியார் காலத்தில் எவ்வளவு நேரமாயிற்றோ, அவ்வளவே இன்றும் ஆகும். வாத்தியார், தாதி, ஆயா, முதியோரைப் பராமரிப்போர் ஆகிய எல்லாரும் இவ்வகையினர். அவர்கள் விரைந்து செய்தால் வேலை கெடும். விரைவைக் கொண்டு கூலியை அளக்கும் உலகத்தில் அவர்கள் எக்காலமும் பின்தங்கியவர்களாகவே தோன்றுவர். அது அவர்கள் குற்றமன்று, அளவுகோலின் குற்றம்.

அளவுகோல் தவறென்று தெரிந்தால் அதை மாற்றுவதல்லவா முறை? ஆனால் நாம் செய்வது வேறு. கூலியிற் குறைந்ததைப் புகழால் நிரப்பிவிடுகிறோம். வாத்தியார் வேலையைத் தெய்வத்தொழில் என்கிறோம். தாதியை அன்னை என்கிறோம். ஆயாவின் வேலையைப் புண்ணியம் என்கிறோம். இப்பட்டங்கள் யாவும் பொய்யல்ல. ஆனால் அவை எப்போது வழங்கப்படுகின்றன என்பதைக் கவனிக்கவேண்டும். ரப்பர் தரகருக்கு எவரும் தெய்வத்தொழில் என்று பட்டம் சூட்டுவதில்லை. அவருக்குப் பணமே போதும்.

இப்பழக்கம் நமது தோட்டச் சரித்திரத்தில் வேரோடியது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் ஒரே இனத்துப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டங்களில் பள்ளிக்கூடம் வைக்கவேண்டும் என்று விதித்தது. பள்ளி வைத்தார்கள். ஆனால் பல தோட்டங்களில் வாத்தியாராக இருந்தவர் யார்? எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு கங்காணி; அல்லது ஒரு கிராணி. வேறொரு வேலையின் ஓரத்தில் ஒட்டவைத்த வேலையாகக் கல்வி நடந்தது. 1930ஆம் ஆண்டின் விலைவீழ்ச்சியில் தோட்டக் கூலியை ஆணுக்கு நாளொன்றுக்கு 40 காசாகவும் பெண்ணுக்கு 32 காசாகவும் குறைத்தார்கள். அந்த எட்டுக் காசு வித்தியாசத்துக்குப் பெண்ணின் கை மெலிது என்று காரணம் காட்டினாலும், அந்தப் பெண் வீட்டுக்கு வந்து செய்த வேலை எந்தச் செக்ரோலிலும் ஏறவில்லை. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு நில்லாமல், தங்கள் பிள்ளைகளுக்குத் தக்க கல்வியும், தக்க வைத்தியமும் வேண்டுமென்று கேட்டனர். பள்ளியும் ஆஸ்பத்திரியும் தயவல்ல, உரிமை என்பதை ஏட்டுக்கல்வி இல்லாத அத்தொழிலாளர் அன்றே உணர்ந்திருந்தனர். அதே கோரிக்கைப் பட்டியலில், துரைமாரையும் ஆபீஸ் உத்தியோகஸ்தரையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்றும் கேட்டிருந்தனர். அந்த உத்தியோகஸ்தரில் கிராணிமாரும் அடக்கம். இதைப் படித்த நாளில், “உள்ளே உட்கார்ந்தா ஐயாதானே” என்ற ஆயாவின் சொல் நமக்கு வேடிக்கையாகத் தோன்றவில்லை.

சரித்திரம் எதற்கு, நம் கண்முன் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 2020ஆம் ஆண்டு தொற்றுநோயால் ஊரடங்கிக் கிடந்தபோது, ஆஸ்பத்திரி ஊழியரையும் துப்புரவுத் தொழிலாளரையும் முன்களப் பணியாளர் என்று புகழாத வாயில்லை. அதே 2020 ஜூன் மாதத்தில், ஈப்போவில் ஆஸ்பத்திரித் துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த ஐவர் மறியல் செய்தபோது கைது செய்யப்பட்டனர். 2021 ஜூலை 26ஆம் நாள் ஒப்பந்த டாக்டர்கள் பலர் நிரந்தர வேலை கேட்டு ஆஸ்பத்திரிகளிலிருந்து வெளிநடப்புச் செய்தனர். கைதட்டல் ஓய்ந்த பிறகு கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்டது என்ன என்பதே கேள்வி.

விதியென்று இதை விட்டுவிடவும் வேண்டியதில்லை. சிங்கப்பூரில் எல்லாத் தொழிலுக்கும் பொதுவான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் கிடையாது. எனினும் 2014ஆம் ஆண்டு செப்டம்பர் முதல், துப்புரவு நிறுவனம் ஒவ்வொன்றும் உள்ளூர்த் தொழிலாளிக்குக் குறைந்தது 1,000 வெள்ளி அடிப்படைச் சம்பளம் தந்தால்தான் உரிமம் பெறலாம் என்று விதித்தனர்; திறமை கூடினால் சம்பளமும் கூடவேண்டும் என்று படிகள் வகுத்தனர். குப்பை கூட்டும் தொழிலுக்கு விலை வானத்திலிருந்து இறங்கியதன்று; மனிதர் எழுதினர், மனிதரே திருத்தினர். தமிழ்ப் பள்ளி வாத்தியார் நிலையும் அத்தகையதே. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும் 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் வந்து, தமிழ்ப் பள்ளிகள் தேசியக் கல்வி அமைப்பிற் சேர்ந்த பிறகே, தோட்டத்தின் தயவை நோக்கி நின்ற வாத்தியார் அரசாங்கச் சம்பளக்காரரானார்.

மீண்டும் ஆயாவின் கதைக்கு வருவோம். ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். குடும்பமின்றி வந்த வெளிநாட்டுத் தொழிலாளர் லயங்களில் குடியேறினர். பிள்ளைகள் குறைந்தன. 2016ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 வெள்ளியாக உயர்ந்தது. அதற்கு முந்திய நாளோடு ஆயாக்கொட்டகையை மூடினர். 2013 ஜனவரி முதல் 2016 ஜூன் வரை 42 மாதம். மாதம் 224 வெள்ளி 52 காசு வீதம் 9,429 வெள்ளி 84 காசு. இத்தொகைக்குரிய சேமநிதியும் அவருக்குச் சேரவில்லை. இக்கணக்கை நாம் ஒரு தாளில் எழுதி, மேசை அறையில் வைத்திருந்தோம். எட்டாண்டுகள் அது அங்கேயே கிடந்தது.

2024ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன் ஆயாவைப் பார்க்கப் போனோம். அண்டைப் பட்டணத்தில் மகளோடு ஒரு மலிவுவிலை அடுக்குவீட்டில் இருக்கிறார். கால் வீங்கியிருந்தது. நம்மைக் கண்டதும் எழ முயன்றார். நாம் தரையில் உட்கார்ந்து, அந்தத் தாளை எடுத்து, எட்டு மணி ஆறான கதையை முதலிலிருந்து சொன்னோம். அவர் குறுக்கே பேசாமற் கேட்டார். முடித்தபோது நம்மையறியாமல் நாம் சொன்னது இது: “நீங்கள் அன்றைக்குப் புண்ணியம் என்று சொன்னீர்களே, ஆயாம்மா.”

அவர் கோபிக்கவில்லை. “ஆமா, சொன்னேன். புண்ணியம்னு நான் சொல்லலாம் தம்பி. நீ எழுத வேண்டியது கணக்கு” என்றார்.

இதைவிடத் தெளிவாக நமக்கு எவரும் பொருளாதாரம் கற்பித்ததில்லை. தொழில் செய்பவர் தம் தொழிலைப் புண்ணியம் என்று கருதுவது அவருடைய பெருந்தன்மை. கூலி கொடுப்பவர் அதே சொல்லை எடுத்துச் சொல்லும்போது அது சூழ்ச்சியாகிவிடுகிறது. ஒரே சொல்தான், ஆனால் சன்னலுக்கு வெளியே நின்று சொல்வதற்கும் உள்ளே உட்கார்ந்து சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேற்றுமை இருக்கிறது.

சிறிது நேரம் கழித்து அவரே கேட்டார்: “பாலர் வகுப்பு நடத்துறீங்களாமே? அந்தப் பொண்ணுக்கு என்ன கொடுக்கிறீங்க?” நமக்கு மறுமொழி வரவில்லை. அப்பட்டணத்தில் பெற்றோர் சிலர் கூடிப் பாலர் வகுப்பொன்று நடத்துகிறோம். அதற்கு நாமே காரியதரிசி. அங்கே கற்பிக்கும் ஆசிரியைக்கு மாதம் 600 வெள்ளி. நடவடிக்கைப் புத்தகத்தில் அதற்குச் சம்பளம் என்ற பெயரும் இல்லை, சன்மானம் என்றிருக்கும். அச்சொல்லை எழுதியதும் நாமே. ஆயாவின் கணக்கில் நம்மை ஏவ ஒரு சின்னத் துரை இருந்தார். இங்கே ஏவியவர் யார்?

ஆறாண்டு கடந்த கூலிக்கடனை வழக்காடிப் பெறுவது இயலாது. அக்காலத்தை நம் மௌனமே தின்றுவிட்டது. எழுதிய கைக்குப் பொறுப்புண்டென்று மாதம் 200 வெள்ளி வீதம் ஆயாவுக்குச் செலுத்தி வருகிறோம். “தர்மமா இருந்தா வேண்டாம்; கடனா இருந்தா வாங்கிக்கிறேன்” என்று சொல்லி வாங்குகிறார். தீர நான்காண்டாகும். இது பெருமைக்குரியதன்று. நாம் சொல்ல விரும்புவது பாலர் வகுப்பைப் பற்றியே.

2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாயிற்று. ஐவருக்குக் குறைந்த ஆட்களை வைத்து வேலை வாங்குவோருக்கும் ஆகஸ்டு முதல் அது கட்டாயமாயிற்று. மணிக்கணக்கில் 8 வெள்ளி 72 காசு. கமிட்டிக் கூட்டத்தில் இதை எடுத்துச் சொன்னோம். ஓர் அன்பர் எழுந்து, “வகுப்பு நாலு மணி நேரந்தானே?” என்றார். அவர் நல்லவர், வஞ்சகம் அறியாதவர். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் சிரித்தோம். ஆசிரியை காலை 7 மணிக்கு வந்து கதவு திறந்து கூட்டித் துடைப்பதையும், கடைசிப் பிள்ளையை அழைத்துச் செல்லப் பெற்றோர் வரும்வரை பகல் 1 மணி மட்டும் காத்திருப்பதையும் நாள்தோறும் குறித்துவைத்த தாளைப் படித்தோம். ஆறு மணி நேரம். மாதம் 22 நாள். 1,151 வெள்ளி 4 காசு. பணத்துக்கு எங்கே போவது என்றனர். ஆண்டு விழா விருந்துக்கும் மாலை மரியாதைக்கும் ஒதுக்கிய தொகையைப் படித்துக் காட்டினோம். இரண்டு மணி நேரம் வாதம். முடிவில் மூன்று வாக்கு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. பெற்றோர் கட்டணம் சிறிது கூடிற்று. விருந்து தேநீராகச் சுருங்கிற்று. இருவர் அதன்பின் கூட்டத்துக்கு வருவதில்லை. நடவடிக்கைப் புத்தகத்தில் சன்மானம் என்பதை அடித்துச் சம்பளம் என்று எழுதினோம். ஆசிரியையிடம் சொன்னபோது அவர் நன்றி சொல்லவில்லை, “சேமநிதியும் உண்டா?” என்று கேட்டார். அதுவே சரியான கேள்வி. உண்டு என்றோம்.

தோழர்களே! துரைமார் காலம் போய்விட்டது. இன்று கோயில் கமிட்டியிலும், பள்ளிக்கூடச் சங்கத்திலும், பாலர் வகுப்பிலும், முதியோர் இல்லத்திலும் சன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் நாமே. வீட்டில் முதியோரைப் பார்க்க ஒரு பெண்ணை அமர்த்தியிருப்போர் பலர். குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வீட்டுவேலை செய்வோரை இன்றும் விலக்கி வைத்திருப்பதால், அவள் கூலிக்கு நம் மனச்சாட்சியைத் தவிர வேறு காவல் இல்லை. அடுத்த மாதம் சம்பளம் எழுதுமுன், அத்தகைய ஒருவர் வேலைக்கு வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் உள்ளபடி ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதற்குரிய தொகையை அதன் கீழே எழுதுங்கள். நீங்கள் கொடுப்பதை அதன் கீழே எழுதிக் கழியுங்கள். மீதி வருமானால், அதற்குத் தொண்டு என்றோ புண்ணியம் என்றோ பெயரிடாதீர்கள். அதற்குத் தமிழில் கடன் என்ற சொல் இருக்கிறது.